எந்த வயதில் மிச்சம்? தம்பதியர் சேமிப்பும் நாகூர்க் கணக்கும்

கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் ஒரு குடும்பம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? கல்யாணமான புதிதிலா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதா, அவர்கள் தலையெடுத்த பிறகா? கேட்பதற்கு எளிய கேள்வி. குறைந்தது 1901இலிருந்து இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். சொன்னவர்களில் நோபல் பரிசு பெற்றவர்களும் உண்டு. ஆனாலும் அந்த விடைகளை நாகூர் போன்ற ஓர் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு தெருவுக்குப் பொருந்தி அடுத்த தெருவில் தவறிவிடுகிறது.

நாகூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், சிறிய இடத்துக்குள் மூன்று விதமான வருமானம் இங்கே அருகருகே இருப்பது. தர்காவைச் சுற்றிய கடைத்தெருவும், தலைமுறைகளாகக் கடல் கடந்து பிழைத்த முஸ்லிம் குடும்பங்களும் ஒரு பக்கம். கடலோரத்தில் பட்டினச்சேரி மீனவர் குடியிருப்பு. ஊரைத் தாண்டினால் காவிரியின் கடைமடை வயல்களும் அவற்றில் கூலிக்கு உழைப்பவர்களும். சேமிப்பைப் பற்றிய கோட்பாடுகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாதச் சம்பளம் சிறுபான்மையாக இருக்கும் ஊரில் அவற்றை உரசிப் பார்ப்பது நியாயமான சோதனைதான்.

பிள்ளைகளின் வயதே கணக்கு

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899இல் வீடு வீடாகக் கணக்கெடுத்த சீபோம் ரவுண்ட்ரீ, இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட நூலில் கூலித் தொழிலாளியின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். குழந்தைப் பருவத்தில் பற்றாக்குறை. சம்பாதிக்கத் தொடங்கிப் பெற்றோரோடு இருக்கும் நாட்களில் ஓரளவு நிறைவு. கல்யாணமாகி இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்ததும் மறுபடி பற்றாக்குறை. அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனதும் கொஞ்சம் மூச்சுவிடும் காலம். அவர்கள் பிரிந்துபோய் உடலும் தளர்ந்த பிறகு கடைசிப் பற்றாக்குறை. சேமிக்க முடிவது இடையில் வரும் இரண்டு கட்டங்களில் மட்டும். அதிலும் முதலாவதில் சேர்ந்தது கல்யாணத்துக்கும் வீட்டுச் சாமானுக்கும் கரைந்துவிடும்.

ரஷ்ய வேளாண் பொருளியலாளர் அலெக்சாண்டர் சாயனோவ், 1925இல் வெளிவந்த தம் நூலில், ஏறத்தாழ இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். குடியானவக் குடும்பத்தில் உழைக்கும் ஒரு கைக்கு உண்ணும் வாய் எத்தனை என்ற விகிதமே அவருடைய அளவுகோல். அவர் வரைந்த மாதிரிக் குடும்பத்தில் கல்யாணமாகிச் சுமார் 14ஆம் ஆண்டில் இந்த விகிதம் உச்சத்தைத் தொடுகிறது. தலைப்பிள்ளை வயலில் இறங்கியதும் குறையத் தொடங்குகிறது. கணவன் மனைவியின் வயதைவிடப் பிள்ளைகளின் வயதுதான் சேமிப்பைத் தீர்மானிக்கிறது என்பது இருவருக்கும் பொதுவான நிலைப்பாடு.

நாகூரை உள்ளடக்கிய கீழத்தஞ்சையின் கூலித் தொழிலாளிக்கு இந்தப் படம் பெரிதும் பொருந்தும் என்றே தோன்றுகிறது, ஒரு திருத்தத்தோடு. ரவுண்ட்ரீயின் இளைஞன் கையில் கொஞ்சம் காசோடு கல்யாண வாழ்க்கையைத் தொடங்குகிறான். பண்ணையாள் முறை நிலவிய காலத்தில் பல இடங்களில் கல்யாணச் செலவுக்கு மிராசுதாரிடம் வாங்கிய கடனே ஒருவனைப் பண்ணையோடு கட்டிவைத்தது. அதாவது தம்பதியரின் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழேயிருந்து தொடங்கியது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி உயர்வு கேட்பது எவ்வளவு ஆபத்தானதாக இருந்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி சாட்சி. கூலியே போராட்டப் பொருளாக இருந்த இடத்தில் மிச்சத்தைப் பற்றிய கேள்வி எழுவதற்கே வழி குறைவு.

நாகூர் இருக்கும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் பாலக்குறிச்சி என்ற கிராமத்தைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் குழு ஆராய்ந்து 1918இல் நூலாக வெளியிட்டது. 1940இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வை வெளியிட்டார்கள். 2019இல் கீழ்வெண்மணியோடு சேர்த்து மறுபடியும் கணக்கெடுக்கப்பட்டது. ஒரே ஊரை நூறு ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளந்த வாய்ப்பு உலகில் அதிக ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இவற்றின் முதன்மை அக்கறை நிலம், கூலி, கடன் ஆகியவை. அலகு வீடு, வீட்டுக்குள் இருக்கும் தம்பதியரின் கட்டம் அல்ல.

மோடிலியானியின் மேடு

1936இல் கெயின்ஸ் சேமிப்பை வருமானத்தோடு இணைத்தார். வயதுக்கு அவரிடம் பெரிய இடமில்லை. வயதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் பிராங்கோ மோடிலியானியும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் பிரம்பெர்க்கும். 1954இல் அவர்கள் முன்வைத்த வாழ்க்கைச் சுழற்சிக் கருதுகோள் சொல்வது இது: மனிதர்கள் வாழ்நாள் முழுவதற்குமான வருமானத்தைக் கணக்கில் கொண்டு செலவைச் சீராக வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். ஆகவே இளமையில் கடன் அல்லது சொற்பச் சேமிப்பு, நடுவயதில் அதிகச் சேமிப்பு, ஓய்வுக்குப் பின் சேர்த்ததைச் செலவழித்தல். சொத்தை வயதுக்கு எதிரே வரைந்தால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒரு மேடு. மூன்று ஆண்டுகள் கழித்து மில்டன் ஃபிரீட்மன் முன்வைத்த நிரந்தர வருமானக் கோட்பாடும் இதற்கு நெருங்கிய உறவுதான். இன்று வங்கி முகவரும் காப்பீட்டு முகவரும் தம்பதியரிடம் விரித்துக் காட்டும் அட்டவணைகளுக்கெல்லாம் மூலம் இந்த மேடு.

இதன் பலவீனங்கள் அமெரிக்காவிலேயே வெளிப்பட்டன. முதியவர்கள் கோட்பாடு எதிர்பார்த்த அளவுக்குச் சொத்தைக் கரைக்கவில்லை. 1981இல் லாரன்ஸ் கோட்லிகாஃபும் லாரன்ஸ் சம்மர்ஸும் அமெரிக்கக் குடும்பச் சொத்தில் மிகப் பெரும் பங்கு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறியது என்று வாதிட்டார்கள். அந்தப் பங்கு சிறியது என்று மோடிலியானி மறுத்தார். எதைப் பரம்பரைச் சொத்து என்று கணக்கிடுவது என்பதிலேயே இரு தரப்பும் ஒத்துப்போகாததால் அந்தச் சர்ச்சை முழுதாக முடியவில்லை. பிறகு வந்த ரிச்சர்ட் தேலரும் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் 1988இல், மனிதர்கள் பணத்தைத் தனித்தனிப் பைகளாகப் பிரித்துத்தான் யோசிக்கிறார்கள் என்று திருத்தம் சொன்னார்கள். சம்பளத்தைத் தொடுவதுபோல் சேமித்ததைத் தொடுவதில்லை என்பது எந்த வீட்டுப் பெண்ணும் அறிந்ததுதான்.

இந்தியாவுக்கு வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. கணக்கெடுப்புகள் குடும்பத் தலைவரின் வயதைக் கேட்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் அறுபது வயதுத் தந்தை தலைவராகப் பதிவாகிறார். சம்பாதிப்பவர் முப்பது வயது மகன். அந்த வீட்டின் சேமிப்பு எந்தத் தம்பதியருடையது? மகன் பிரிந்து போனதும் முதியவர் வீட்டின் சேமிப்பு சரிந்ததுபோல் தெரியும். சரிந்தது சேமிப்பு அல்ல, எண்ணும் முறை. வயது வாரியான சேமிப்பு என்று இந்தியாவில் வரையப்படும் கோடுகள் பலவற்றின் மீது இந்த ஐயம் இருந்துகொண்டே இருக்கும்.

தண்ணீரும் கடலும் குறிக்கும் தேதி

1989இலும் 1991இலும் ஆங்கஸ் டீட்டன் எழுதிய கட்டுரைகள் விவாதத்தை வேறு பக்கம் திருப்பின. கடன் எளிதில் கிடைக்காத, வருமானம் நிலையற்ற ஏழைக் குடும்பங்கள் முதுமைக்காகச் சேமிப்பதில்லை. அடுத்த மோசமான பருவத்துக்காகச் சேமிக்கின்றன. சேர்த்தது அடிக்கடி கரையும், மறுபடி சேரும். வாழ்நாள் முழுவதற்குமான மேடு இராது. சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். கிறிஸ்டினா பாக்ஸனும் அவரும் தாய்லாந்து, தைவான் தரவுகளை ஆராய்ந்தபோது, செலவு வாழ்நாள் முழுதும் சீராக ஓடாமல் வருமானத்தை ஒட்டியே ஏறி இறங்குவதைக் கண்டார்கள்.

பட்டினச்சேரிக்கு இது பொருந்துகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் அடிக்கடி சீறும். இந்த மாதங்களைத் தாண்டுவதே சேமிப்பின் முதல் வேலை. அரசுக்கும் இது தெரிந்திருக்கிறது. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 சேர்த்து, வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் சேமிப்பு இது. முதுமைக்கு இதில் இடமில்லை.

வயலில் தேதியை நிர்ணயிப்பது மேட்டூர். 1934இல் கட்டி முடிந்த அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இலும் 2021இலும் உரிய நாளில் திறந்தார்கள். 2022இல் மே 24லேயே திறந்தார்கள். இப்போது 2012இல் கல்யாணமான ஒரு சிறு விவசாயத் தம்பதியையும் 2020இல் கல்யாணமான இன்னொரு தம்பதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரு ஜோடிக்கும் முதல் சில ஆண்டுகள் ஒரே வாழ்க்கைக் கட்டம்தான். முதல் ஜோடி குறுவை என்ற பருவமே நிச்சயமில்லாமல் எட்டு ஆண்டு குடும்பம் நடத்தியிருக்கிறது. இரண்டாவது ஜோடிக்குத் தொடக்கத்திலேயே இரண்டு போகத்துக்கு வழி பிறந்தது. வயதின் விளைவு எது, பிறந்து மணந்த காலத்தின் விளைவு எது, அந்தந்த ஆண்டின் விளைவு எது என்று பிரிக்க முடியாமல் புள்ளியியலாளர் திணறும் பழைய சிக்கல் இதுதான். டெல்டாவில் அது புத்தகப் பிரச்சினையாக இல்லாமல் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்ற கேள்வியாக நிற்கிறது.

பேரிடர்கள் இதை இன்னும் கூர்மையாக்குகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தியாவிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் முன்னிற்பது நாகப்பட்டினம். படகு, வலை, நகை என்று பல ஆண்டுகளின் சேர்ப்பு ஒரு காலைப்பொழுதில் போயிற்று. 2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஐந்தாறு ஆண்டு வளர்த்து, பிறகு பல பத்தாண்டு மாத வருமானம் எடுக்கும் தென்னை அங்கே பல தம்பதியருக்கு ஓய்வூதியம். ஐம்பது வயதில் அதை இழந்தவருக்கு மறுபடி நட்டுக் காய் பறிக்க வாழ்நாளில் இடம் குறைவு. இடி எந்த வயதில் விழுகிறது என்பதற்கும் தனிக் கணக்கு வேண்டும். டீட்டனின் மாதிரி, நெருக்கடி கடந்ததும் சேமிப்பு மீண்டும் தொடங்கும் என்று கொள்கிறது. வயது கடந்தபின் அது அப்படித் தொடங்குவதில்லை.

பணம் யார் கையில்?

இதுவரை பார்த்த எல்லாரும் கணவன் மனைவியை ஒரே ஆளாகக் கொண்டார்கள். கேரி பெக்கரின் குடும்பப் பொருளியலும் அப்படியே. அமர்த்தியா சென் 1990இல் குடும்பத்தை ஒத்துழைப்பும் முரண்பாடும் ஒருங்கே நடக்கும் இடமாக எழுதினார். அதன் பிறகு வந்த கள ஆய்வுகள் சுவையானவை. நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில் சீட்டுக் குழுக்களை ஆராய்ந்த சிவான் ஆண்டர்சனும் ஜான்-மரி பாலாண்டும், கணவரோடு வாழும் பெண்களே அவற்றில் அதிகம் சேர்வதைக் கண்டார்கள். கணவரின் கைக்கு எட்டாமல் பணத்தை வைக்கவே அவர்கள் சீட்டுப் போடுகிறார்கள் என்பது 2002இல் அவர்கள் தந்த விளக்கம். பிலிப்பைன்ஸில் நவா அஷ்ரஃப் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பணத்தை மனைவி நிர்வகிக்கும் ஆண்கள், அவளுக்குத் தெரியாது என்ற நிலை வந்தால் பணத்தைத் தம் கணக்கிலேயே போட்டுக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் சிறுவாடு என்ற பெயரில் இது பழைய செய்தி. அரிசிப் பானைக்குள்ளும் புடவை மடிப்புக்குள்ளும் சேர்ந்த அந்தப் பணம் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாது. கேள்வித்தாளுக்குக் கணவர் பதில் சொல்லும்வரை ஏறவும் வழியில்லை. 2016 நவம்பர் 8இல் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, மாற்றுவதற்காக வேறு வழியின்றிப் பல வீடுகளில் அது வெளியே வந்தது. கணவரிடம் சொல்ல வேண்டியிருந்தது பல பெண்களுக்குத் தாளின் மதிப்பைவிடப் பெரிய இழப்பாக இருந்திருக்கும்.

இந்த ஆய்வுகளின் பலவீனம், அவை பெரும்பாலும் ஒரு நேரத்து நிழற்படங்கள் என்பது. புதுமணப் பெண்ணின் ரகசியச் சேமிப்புக்கும் இருபது ஆண்டு கழித்து அதே பெண்ணின் பகிரங்க நிர்வாகத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்று தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. மாமியார் இருக்கும் வீட்டில் மருமகளுக்குச் சாவி கிடைப்பதே ஒரு வாழ்க்கைக் கட்டம்தான்.

சபுராளி வீட்டு வரவு

நாகூரின் தனித்தன்மை இங்கே தொடங்குகிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும், இங்குள்ள தர்காவில் அடங்கிய நாகூர் ஆண்டவர் பெயரில் நினைவிடங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இருப்பது 1828–1830இல் கட்டப்பட்டது. அந்தத் துறைமுகங்களுக்கு ஓடிய ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் நின்று ஆளேற்றிப் போனது. அதன் வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலம் முடிந்தது. அதற்கு முன்பே வளைகுடாப் பயணம் தொடங்கிவிட்டிருந்தது. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது.

சபுராளி என்றால் பிழைக்கக் கடல் கடந்து போனவர். அவர் வீட்டில் சம்பாதிப்பவரும் செலவழிப்பவரும் இரு நாடுகளில் இருக்கிறார்கள். அந்தத் தம்பதியரின் சேமிப்புக் கட்டங்களை வயதால் பிரிப்பதைவிடப் பயணத்தால் பிரிப்பது பொருத்தம். முதல் ஓரிரு ஆண்டுகள் விசாவுக்கும் முகவருக்கும் வாங்கிய கடனை அடைப்பதில் போகும். மனைவியின் நகை அடகில் இருக்கும். அடுத்து நகை மீட்பு, தங்கைகளின் கல்யாணம், பெற்றோரின் மருத்துவம். வீட்டுக்கு அஸ்திவாரம் அதற்குப் பிறகுதான். கேரளத்தில் 1998 முதல் நடந்துவரும் புலம்பெயர்வு ஆய்வுகளும், வரும் பணத்தில் பெரும் பங்கு அன்றாடச் செலவு, வீடு, கடன், கல்வி, கல்யாணம் என்றே பிரிவதைக் காட்டியுள்ளன. கடைசிக் கட்டம் திரும்பி வருவது. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, பணிமுடிவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்கும். மாத ஓய்வூதியம் கிடையாது. ஐம்பது வயதில் ஒரு மொத்தத் தொகையோடு வந்து இறங்குபவர், அதுவரை மனைவி நடத்திய வீட்டில் விருந்தாளியைப்போல் நுழைகிறார். அந்தத் தொகையை யார் நிர்வகிப்பது என்ற பேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

வீடும் நகையும்

கீழக்கரை, காயல்பட்டினம் முதல் நாகூர், காரைக்கால் வரையுள்ள கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பல குடும்பங்கள் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்கின்றன. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். வாப்பாவின் (தந்தையின்) வளைகுடா உழைப்பு மகள் பெயரில் ஹிபாவாக, அதாவது தானமாக, எழுதப்படுகிறது. கூடவே பவுன் கணக்கில் நகை. சில இடங்களில், மார்க்க அறிஞர்கள் கண்டித்தும், மாப்பிள்ளைக்கு ரொக்கமாகத் தரும் கைக்கூலியும் உண்டு.

ஜாக் குடியும் எஸ்.ஜே. தம்பையாவும் 1973இல் எழுதிய நூல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது போவது, பெற்றோர் இறந்தபின் வர வேண்டிய சொத்து முன்கூட்டியே கைமாறுவது என்கிறார்கள். எம்.என். சீனிவாஸ் 1984இல் இதை மறுத்தார்: நவீன வரதட்சணை மகளுக்குப் போவதில்லை, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. நாகூரில் இரண்டும் ஒரே கல்யாணத்தில் நடக்கலாம். வீடு மகளிடம் நிற்கிறது, ரொக்கம் நிற்பதில்லை.

என் பார்வையில் மோடிலியானியின் மேடு இங்கேதான் மிக மோசமாக உடைகிறது. ஐம்பது வயதுத் தம்பதியர் வாழ்நாள் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், ஒரே நாளில் அவர்கள் சொத்து பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்குகிறது. இருபத்தைந்து வயதுத் தம்பதியர் தாம் சேமிக்காத வீட்டில் குடும்பம் தொடங்குகிறார்கள். கணக்கெடுப்பில் முன்னவர் ஊதாரி, பின்னவர் சமர்த்தர். உண்மையில் முன்னவர் தம் முதுமையை மகள் வீட்டு அறையில் வைத்திருக்கிறார்கள். மகளோடு தங்கும் உரிமையே அவர்கள் வாங்கிய ஆண்டுத்தொகை. அந்த உரிமை எழுத்தில் இல்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்காகச் சேமிப்பது உழைப்பையும் மாற்றுகிறது. எஸ். அனுகிருதி, சங்கோ குவோன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் ஊரக இந்தியாவைப் பற்றி 2022இல் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிள்ளை பெண்ணாக இருந்து வரதட்சணை எதிர்பார்ப்பு உயர்ந்தால் பெற்றோர் அதிகம் சேமிக்கிறார்கள், தந்தை அதிக நாள் வேலை செய்கிறார் என்று கண்டார்கள். எத்தனை வயதில் எவ்வளவு என்பதைவிட முதல் குழந்தை எது என்பதே இங்கே நல்ல முன்னறிவிப்பு.

எந்த வடிவில் சேர்ப்பது என்பதிலும் நாகூருக்கெனத் தனிக் காரணங்கள் உண்டு. வட்டி ஹராம் என்று கருதுபவர் வைப்புத்தொகையை விரும்பமாட்டார். வட்டியில்லா வங்கிச் சாளரத்தைப் பற்றிய யோசனையைத் தொடரப்போவதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. கையிருப்பு நிஸாப் என்ற குறைந்தபட்ச வரம்பைத் தாண்டி ஒரு சந்திர ஆண்டு தங்கினால் இரண்டரை சதவீதம் ஜகாத் என்ற கட்டாயத் தருமம். ஆனால் கடற்கரை முஸ்லிம்களிடையே பரவலான ஷாஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்ட மரபின்) வலுவான கருத்துப்படி, பெண்கள் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உண்டு. ரொக்கத்தைவிட நகை, நகையைவிட வீடு என்று சேமிப்பு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. ரிசர்வ் வங்கிக்காகத் தருண் ராமதொரை தலைமையிலான குழு 2017இல் தந்த அறிக்கைப்படி, சராசரி இந்தியக் குடும்பச் சொத்தில் 84 சதவீதம் வீடு, நிலம் முதலிய பொருள் வடிவிலும், 11 சதவீதம் தங்கத்திலும் இருந்தது. நிதிச் சேமிப்பு 5 சதவீதம்தான். வட்டியில் தயக்கமே இல்லாதவர்களையும் சேர்த்த கணக்கு இது.

கடனா, சேமிப்பா?

புதுச்சேரியைத் தளமாகக் கொண்டு தமிழகக் கிராமங்களில் நீண்டகாலம் ஆராய்ந்த இசபெல் கெரென் குழுவினர், கடனையும் சேமிப்பையும் எதிரெதிராக வைப்பதையே கேள்வி கேட்டார்கள். பெண்கள் ஒரு கடன் குழுவில் வாங்கி இன்னொன்றில் கட்டுகிறார்கள். கையில் பணமிருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவைக்கிறார்கள். நகையை வாங்கும்போதே அடகுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். கெரென், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் ஆகியோரின் 2023 நூல் இந்தச் சுமை பெண்ணின் மேல் குவிவதைக் காட்டுகிறது. கடன் நீங்கலாக நிகரச் சேமிப்பை மட்டும் கணக்கிட்டால் இவர்களுடைய வாழ்நாள் கோடு பூஜ்யத்தை ஒட்டிய தட்டைக் கோடாகிவிடும். அதன் பின்னால் நடக்கும் ஓட்டம் தெரியாது.

டெல்டாவின் தென்விளிம்பில் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்து மொய் விருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆடி மாதத்தில் ஒரு குடும்பம் கறி விருந்து வைத்து மொய் வாங்குகிறது. மறுமுறை வாங்க சுமார் ஐந்து ஆண்டு. இடைப்பட்ட காலமெல்லாம் மற்றவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூட்டியே. இதில் வாழ்க்கைக் கட்டத்தை ஊர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறது. கஜாவுக்குப் பின் வந்த ஆண்டுகளில் மொய் வசூல் இறங்கியது என்பது, ஊரே ஒன்றாக அடிபடும்போது இந்த ஏற்பாடு தாங்காது என்பதைக் காட்டியது. நாகூர்ப் பெண்களிடையே குலுக்குச் சீட்டுக்கு இருக்கும் மதிப்பும் இதே வகை. ஏலச் சீட்டில் கழிக்கும் தள்ளு இதில் இல்லாததால் வட்டிக் கலப்பற்றதென்று பலர் கருதுகிறார்கள்.

பிடித்துவைக்கும் அரசுகள்

தம்பதியரை அவர்கள் போக்கில் விட்டால் சேமிக்கமாட்டார்கள் என்ற முடிவோடு தொடங்கிய நாடுகளும் உண்டு. மலாயாவில் 1951இல் தொழிலாளர் சேமநிதிச் சட்டம், சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதி. 1968 முதல் சிங்கப்பூர் அந்த நிதியிலிருந்து வீடு வாங்க அனுமதித்தது. கட்டாயச் சேமிப்பும் கடைசியில் வீடாகவே மாறியது. அங்கே குடியுரிமை பெற்ற தமிழ்த் தம்பதியருக்கு முதுமைக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதே கட்டடத்தில் வேலை அனுமதிச் சீட்டோடு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நாகூர்க்காரருக்கு அது இல்லை.

மலேசியாவின் தாபுங் ஹாஜி இன்னும் நெருங்கிய பாடம். கிராமத்தார் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுத் திரும்பி வந்து வறுமையில் விழுவதைக் கண்ட உங்கு அஜீஸின் யோசனையில், 1963இல் வட்டி கலவாத யாத்திரிகர் சேமிப்பு நிறுவனம் உருவானது. மகள்களின் கல்யாணம் முடிந்தபின் ஹஜ் என்பது நாகூர்த் தம்பதியருக்கும் கடைசிப் பெரிய இலக்கு. அதை நோக்கிச் சிறுகச் சிறுகச் சேர்க்கப் பினாங்கில் இருக்கும் வழி நாகூரில் இல்லை.

தமிழ்நாட்டில் அரசு தொட்டது பெரும்பாலும் கல்யாணம் என்ற கட்டத்தைத்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவி பின்னாளில் தாலிக்குத் தங்கமாக விரிந்தது. 2022இல் அது கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. கல்யாணத்துக்குச் சேர்ப்பதிலிருந்து படிப்புக்குச் செலவிடுவதற்கு அரசே இடம் மாறியது கவனிக்கத்தக்கது. 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை மனைவியின் கணக்கில் விழுகிறது. சிறுவாடு வங்கிக்கு வந்ததா, அல்லது கணவர் தரும் வீட்டுச் செலவு அந்த அளவுக்குக் குறைந்ததா என்பதுதான் அதைப் பற்றிய சரியான கேள்வி.

தீராதவை

கோட்பாடுகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியாது. மீனவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் டீட்டன் அருகில் வருகிறார். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் எந்த வீட்டுக்கும் ரவுண்ட்ரீயும் சாயனோவும். கடல் கடந்த குடும்பங்களுக்குக் குடியும் தம்பையாவும் மோடிலியானியைவிடப் பொருத்தம். மோடிலியானி ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியருக்கும் அரசு ஊழியருக்கும் நன்றாகவே பொருந்துவார். அவர்கள் இந்த ஊரில் சிலர்.

திறந்திருப்பவை சில. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 2019–21இல் 1.8 ஆகிவிட்டது. பிள்ளைகள் குறைந்ததால் ரவுண்ட்ரீயின் நடுப்பள்ளம் ஆழம் குறைந்ததா, அல்லது ஆங்கிலப் பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் அதை மறுபடி ஆழமாக்கிவிட்டனவா? மகன் மட்டுமே உள்ள நாகூர்த் தம்பதியர் முதுமையில் யார் வீட்டில் இருப்பார்கள்? படித்து வேலைக்குப் போய் சென்னையிலோ துபாயிலோ கணவனோடு குடியேறும் மகளுக்கு நாகூரில் எழுதிவைத்த வீட்டில் பெற்றோருக்குப் பாதுகாப்பு கூடுமா, பூட்டிய கதவுகள் கூடுமா?

கணவருக்குப் பின்னான ஆண்டுகள் இன்னொரு வெற்றிடம். மனைவி வயதில் இளையவர், ஆயுளும் பெரும்பாலும் நீளம். இருவருடைய சேமிப்பு என்று பேசுவதில் ஒரு பகுதி விதவை ஒருத்தியின் சேமிப்பாக முடிகிறது. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் குடும்பங்களில் இந்த ஆண்டுகள் மற்ற இடங்களைவிட எளிதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அவள் தன் வீட்டை முன்பே மகளுக்கு எழுதியிருந்தால் இந்த எதிர்பார்ப்பு நிற்காது.

2017–18இல் முதல் சுற்று நடந்த இந்திய முதுமை ஆய்வு 45 வயதைக் கடந்தவர்களையும் அவர்களுடைய துணைவரையும் தனித்தனியாகக் கேட்டது. தம்பதியரைத் தம்பதியராகவே பார்க்க இது முந்தைய கணக்கெடுப்புகளைவிட இடம் தருகிறது. அதே ஜோடிகளிடம் மீண்டும் போகும்போது வயதை மட்டும் குறிக்காமல் கடைசி மகளின் கல்யாணம், வெளிநாட்டிலிருந்து இறுதியாகத் திரும்பியது, கணவரின் இறப்பு என்ற மூன்று தேதிகளையும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் வீடும் நகையும் யார் பெயரில் இருந்தன என்று கேட்டால், மேலே எழுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்காவது எண்களில் விடை கிடைக்கும்.